மாத்திரை மலையேறி வந்த கதை

நீளமான த்ரெட். ஒரு டீ போட்டு வச்சுக்கிட்டு வாசிங்க.

போடிநாயக்கனூரில் விடிகாலை நாலரை மணிக்கு வெளியே வந்து நின்னவங்களுக்குத் தெரியும். ஜீப்புகள் வரிசையா நிக்கும். கையில தூக்குவாளி, தலையில குளிருக்கு ஒரு துண்டு, பெண்கள் ஏறி நெருக்கி உட்காருவாங்க. போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, கேரள எல்லையைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்ட வேலை. பொழுது சாயறதுக்குள்ள மறுபடி கீழே இறங்கணும். இது தினசரி.

அந்த ஜீப்புல இருக்கிற யாரோ ஒருத்தர் முந்தின ராத்திரி சாப்பிட்டுட்டு ஒரே ஒரு மாத்திரை போட்டுட்டுப் படுத்திருப்பார். பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எச்.ஐ.வி. சிகிச்சை இன்னைக்கு பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவுதான்: ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, இலவசமா.

அந்த மாத்திரை அந்த வீட்டுக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆச்சு, எந்தெந்த ஊர் வழியா வந்துச்சு? அதைத்தான் சொல்லப் போறேன். ஆரம்பம் சென்னையில.

1985 கடைசி. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கிட்டிருந்தார். "எய்ட்ஸ் இங்க இருக்கான்னு பாரேன்" என்று பேராசிரியர் சொல்ல, மாணவி தயங்கினார். தயக்கம் நியாயமானது. அப்போ எய்ட்ஸ் என்றால் அமெரிக்காக்காரனுக்கு வர்ற வியாதி. நம்ம பண்பாட்டுக்குள்ள அது நுழையாதுன்னு பத்திரிகைகள் தைரியம் சொல்லிக்கிட்டிருந்த காலம்.

நிர்மலா வீட்டில் சின்னக் குழந்தைகள். இருந்தும் இறங்கினார். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் பேசி, மூன்று மாதத்தில் 80க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள் எடுத்தார். கையுறை கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தை எங்கே வைப்பது? தன் வீட்டு ஃப்ரிட்ஜில்! இன்னைக்கு ஒரு மாணவர் இப்படிச் செஞ்சா நானே திட்டுவேன். அன்னைக்கு வேற வழி இல்லை.

பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துட்டுப் போனாங்க. அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகம். ஆறு குழிகள் மஞ்சள் நிறமா மாறின. அமெரிக்காவில் மறுபரிசோதனை செய்து உறுதியும் ஆச்சு. அந்த மே மாதம் தமிழக சுகாதாரத்துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது இப்படித்தான் தெரிந்தது.

ஆறு பெண்கள். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ரெண்டு டாக்டர்களோட தைரியத்தைச் சொல்றோம், சொல்லத்தான் வேணும். ஆனா ரத்தம் கொடுத்தது அந்தப் பெண்கள். அவங்களுக்குக் கொடுக்க அன்னைக்கு ஒரு மாத்திரைகூட உலகத்தில் எங்கேயும் அங்கீகரிக்கப்படலை. முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு அமெரிக்கா அனுமதி கொடுத்ததே 1987 மார்ச்சில்தான்.

மருந்து இல்லாத நோய்க்கு சமூகம் என்ன கொடுக்கும்? பூட்டு கொடுக்கும். கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் ரத்த தானம் செய்யப் போய், தொற்று இருப்பது தெரிந்து, 1989இல் போலீஸ் அவரைப் பிடிச்சு தனிமையில் அடைத்தது. அதுக்கு அங்கே சட்டமே இருந்தது. தமிழ்நாட்டில் அப்படிச் சட்டம் போடலை, ஆனா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய விட்டோம். "இங்க வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க." எங்க தொழிலில் இருக்கிறவங்க செஞ்சதுதான் இது, மறைக்க ஒண்ணுமில்லை.

கடைசியில் கதவைத் திறந்த இடம் தாம்பரம் சானடோரியம்.

1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. பிறகு அரசு எடுத்துக்கொண்டது. எச்.ஐ.வி. உள்ளவங்களுக்கு அதிகமா வர்ற நோய் காசநோய் என்பதால், 1990களின் தொடக்கத்தில் அங்கே வர ஆரம்பிச்சாங்க. அப்போ கண்காணிப்பாளரா இருந்த டாக்டர் சி.என். தெய்வநாயகம் யாரையும் திருப்பி அனுப்பலை. ஆங்கில மருத்துவத்தில் வைரஸுக்கு ஒண்ணும் இல்லாத அந்த நாட்களில், காசநோய் மருந்தோடு சித்த மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தார்: ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம்.

சித்த மருந்து எச்.ஐ.வி.யைக் குணப்படுத்துமான்னு கமெண்ட்டில் கேட்பீங்க, இங்கேயே சொல்லிடறேன். இல்லை. வைரஸை அடக்கியது பின்னாடி வந்த கூட்டு மருந்துதான். ஆனா வேற எங்கேயும் தொட்டுப் பார்க்காத உடம்பை ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்து, ஒரு கட்டில் கொடுத்து, ஒரு லேகியமும் கொடுத்தா, அந்த மனுஷன் நாலு வாய் சோறு கூடுதலா சாப்பிடுவான். அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. நான் கேலி செய்யறதெல்லாம் அதே காலத்தில் "எய்ட்ஸுக்கு முழு நிவாரணம்"னு விளம்பரம் போட்டு நிலத்தை விக்க வச்சவங்களை.

இங்க ஒரு கிளைக்கதை. இது சொல்லாம மேலே போக முடியாது.

சானடோரியம் என்பதே வீட்டிலிருந்து பிரிச்சு தூரமா வைக்கிற ஏற்பாடு. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு. காசநோய்க்கு அது கட்டாயம்னுதான் உலகமே நம்பியது. 1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கி ஒரு சோதனை செஞ்சாங்க. ஏழை நோயாளிகளில் பாதிப் பேருக்கு சானடோரியத்தில் மருந்து, பாதிப் பேருக்கு அவங்கவங்க வீட்டிலேயே அதே மருந்து. வீட்டில் இருந்தவங்களுக்கு இடநெருக்கடி, சாப்பாடும் குறைவு, ஓய்வும் இல்லை. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை! கூட இருந்த குடும்பத்தாருக்குத் தொற்றும் கூடலை. 1959இல் முடிவு வெளிவந்ததும் உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக ஆரம்பிச்சது.

அதாவது, நோயாளியை மருந்து இருக்கிற இடத்துக்கு இழுக்காதே, மருந்தை நோயாளி இருக்கிற இடத்துக்குக் கொண்டு போ. இதைக் கண்டுபிடிச்சு உலகத்துக்குச் சொன்னது நம்ம சென்னை. அதே சென்னையில் எச்.ஐ.வி. வந்தப்போ மறுபடி சானடோரியத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருந்தது. எனக்கு இது இன்னும் உறுத்தும்.

சரி, மருந்துக்கு வருவோம்.

1996இல் கனடாவின் வான்கூவர் மாநாட்டில் மூணு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்குதுன்னு அறிவிச்சாங்க. மேலை நாடுகளில் சாகக் கிடந்தவங்க எழுந்து வேலைக்குப் போனாங்க. விலை? ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல். ஏலத்தோட்டக் கூலிக்காரருக்கு விடுங்க, தோட்ட முதலாளிக்கே கட்டுப்படியாகாது.

2001 பிப்ரவரியில் சிப்ளா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே மூணு மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர்றேன்னார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே. அது முடிந்ததற்குக் காரணம் 1970இல் நாம போட்ட காப்புரிமைச் சட்டம். 2005 வரை மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் இருந்தது. வேற முறையில் யாரும் செய்ய முடிஞ்சது. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவங்க பிழைச்சது இந்தியாவில் செஞ்ச மாத்திரையால். வேடிக்கை என்னன்னா, அந்த மாத்திரை செய்த நாட்டின் அரசாங்கம் தன் மக்களுக்கு இலவசமாக் கொடுக்க இன்னும் மூணு வருஷம் எடுத்துக்கிட்டது.

அந்த நடுக்காலத்தில்தான் நம்ம ஊரில் சுவர் முழுக்க புள்ளிராஜா. ஞாபகம் இருக்கா? 2003. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமான்னு ஊரே கேட்டது. விழிப்புணர்வு வந்துச்சு, மறுக்கலை. ஆனா கூடவே தப்பு செஞ்சவனுக்கு வர்ற வியாதிங்கிற நினைப்பும் இறுகிப் போச்சு. புருஷனைத் தவிர யாரையும் தெரியாம தொற்று வாங்கிய பெண்கள் அந்த விளம்பரத்தில் எங்கேயும் இல்லை.

2004 ஏப்ரல் 1. நாட்டில் எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. தமிழ்நாட்டுக்குத் தாம்பரம்.

இப்போ போடியில இருந்து கணக்குப் போடுங்க. தாம்பரம் சுமார் 500 கிலோமீட்டர். ராத்திரி பஸ் ஏறினா விடியக்காலம் இறங்கலாம். வரிசையில் நின்னு, ரத்தம் கொடுத்து, மாத்திரை வாங்கி, மறுபடி ராத்திரி பஸ். மாசத்துக்கு ஒரு தடவை. மாத்திரை இலவசம், ஆனா பஸ் இலவசம் இல்லை, போன ரெண்டு மூணு நாள் கூலியும் திரும்ப வராது. பக்கத்து சீட்டுக்காரர் "எங்க போறீங்க"ன்னு கேட்டா என்ன சொல்றது? "சானடோரியம்"னு வாயால சொன்னாலே பாதி விஷயம் வெளியே வந்துடும். "சொந்தக்காரங்க வீட்டு விசேஷம்"னு மாசாமாசம் சொன்ன ஒருத்தர் என்கிட்ட பின்னாடி சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "சார், எங்க ஊர்ல எல்லாரும் எனக்கு மெட்ராஸ்ல பெரிய சொந்தம் இருக்குன்னு நினைச்சுட்டாங்க." (இந்த த்ரெட்டில் வர்ற எல்லார் அடையாளமும் மாத்தியிருக்கேன்.)

உடனே மருந்து கொடுப்பாங்களான்னா அதுவும் இல்லை. சிடி4 என்கிற எதிர்ப்பு அணுக்கள் 200க்குக் கீழே போயிருக்கணும். 260 இருந்தால், "இப்போ நல்லா இருக்கீங்க, அப்புறம் வாங்க." உடம்பு கெட்டுப்போன பிறகு வாங்கன்னு சொல்றதுக்கு ஒரு நாகரிகமான வழி. கையிருப்பில் மருந்து குறைவு, அதனால் மோசமா இருக்கிறவங்களுக்கு முதலில் என்பது கணக்கு. கணக்கு புரியுது. திரும்பி வராமலே போனவங்களும் இருந்தாங்க என்பதும் உண்மை.

மெல்ல மருந்து தெற்கே நகர்ந்தது. மதுரை. பிறகு நம்ம க.விலக்கு, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 500 கிலோமீட்டர் பயணம் தேனியில் பஸ் மாறிப் போகிற ஒரு காலைப் பயணமா சுருங்குச்சு. சிடி4 வரம்பும் 350, 500 என்று தளர்ந்துக்கிட்டே வந்து, 2017இல் எண்ணே பார்க்க வேண்டாம், தொற்று உறுதியான உடனே மருந்து என்றானது.

ஆனா மருந்து பக்கத்தில் வந்ததும் கதை முடிஞ்சிடலை. மலையில் வேலை செய்யறவங்க உடம்பில் அந்த மருந்து என்ன செஞ்சதுன்னு யாரும் எழுதறதில்லை, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஆரம்ப காலக் கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் இருந்தது. உயிரைக் காப்பாத்தியது, சந்தேகமில்லை. ஆனா நாளாக நாளாக நரம்பைப் பாதிக்கும். உள்ளங்கால் தீயா எரியும். சமதரையில் இருக்கிறவருக்கே கஷ்டம், ஈரச்சரிவில் குனிஞ்சு ஏலச்செடியின் அடியில் காய் எடுக்கிறவருக்கு எப்படி இருக்கும்? இன்னொண்ணு, கன்னக் கொழுப்பு கரைஞ்சு முகம் ஒட்டிப் போகும். வாய் திறக்காம மறைச்சு வச்சதை முகம் சொல்லிடும். அதுக்குப் பயந்தே மாத்திரையை நிறுத்தினவங்க உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் அதைக் கைவிடச் சொன்னது, நம்ம திட்டத்திலும் பிறகு படிப்படியா எடுத்தாங்க. ஸ்டாவுடினுக்குப் பதில் சிலருக்குக் கொடுத்த சிடோவுடின் ரத்தசோகை தரும். ஏற்கெனவே ரத்தம் குறைஞ்ச பெண்கள் போடிமெட்டுக் குளிரில் மூச்சு வாங்கினாங்க.

பிறகு எஃபாவிரென்ஸ் சேர்ந்த ஒற்றை மாத்திரை. ஒரு நாளைக்கு ஒண்ணுதான், பெரிய முன்னேற்றம். ஆனா தலை சுத்தும், ராத்திரி விசித்திரமான கனவு வரும். அதனால படுக்கப் போகும்போது போடச் சொல்வோம். பத்து மணிக்குப் போட்டு, காலையில் எட்டு மணிக்கு எழுந்தா சரியாயிருக்கும். நாலு மணிக்கு எழுந்து நாலரைக்கு ஜீப் ஏறி வளைவு வளைவா போனால்? "மப்பு தெளியாம மலையேறுறேன் சார்" என்றார் ஒரு அம்மா. மாத்திரையை எட்டு மணிக்கே போடச் சொன்னேன். ஓரளவு சரியாச்சு. புத்தகத்தில் படுக்கும் நேரம்னு இருக்கும், ஜீப் நேரம்னு இருக்காது.

2020 முதல் டோலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரை. சுருக்கமா டி.எல்.டி. எந்த நேரமும் போடலாம், தலைசுத்தல் அரிது, வைரஸ் வேகமா அடங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, பலருக்கு யாரும் சொல்லாதது: இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்துப் போட்டால் இந்த மருந்து உடம்பில் சரியாச் சேராது. சாப்பாட்டோடு மூணும் சேர்ந்து போடலாம். இல்லைன்னா டி.எல்.டி. போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மத்தது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற அன்டாசிட் சிரப் என்றால் சாப்பாட்டோடும் சேர்க்க வேண்டாம், இடைவெளி கட்டாயம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறவங்க டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும், அளவு குறைக்க வேண்டி வரலாம். ஆமா, சர்க்கரை, பிரஷர் எல்லாம் வருது. 2004இல் சாகப் போறாங்கன்னு நினைச்சவங்க வயசாகி சர்க்கரைக்கு மருந்து கேக்கறாங்க. எனக்கு இதைவிடப் பிடிச்ச புகார் கிடையாது.

அடுத்தது, இந்த நோயின் கதையையே மாத்திய ஒரு விஷயம். தம்பதியில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கு. அவருக்கு சீக்கிரமே மருந்து கொடுத்தால் மற்றவருக்குப் பரவுமா? ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்து எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வு நடந்தது. 2011இல் முடிவு: பரவுவது 96 சதவீதம் குறைந்தது. ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று சென்னை, சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர். ஆறு மஞ்சள் குழிகளைப் பார்த்த அதே டாக்டர், இருபத்தைந்து வருஷம் கழித்து, மருந்தே தடுப்பு என்று நிரூபிக்கவும் கூட நின்றார். 2015இல் காலமானார்.

பின்னாடி வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாச் சொல்லிடுச்சு. ஒழுங்கா மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைஞ்சவரிடமிருந்து உடலுறவு மூலம் யாருக்கும் பரவாது. குறைவாப் பரவும் இல்லை, பரவாது. கர்ப்பிணிக்கும் அப்படித்தான்: மருந்தில்லாமல் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், மருந்தோடு 5 சதவீதத்துக்கும் கீழே.

இதை எழுதும்போது 2018 டிசம்பர் ஞாபகம் வருது. சாத்தூர்ப் பக்கம் ஒரு கர்ப்பிணிக்கு அரசு ரத்த வங்கியிலிருந்து ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், தானே போய் ரத்த வங்கிக்குச் சொன்னார். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி தானம் செய்தபோதே ரத்தத்தில் தெரிந்திருந்தது, அவரிடம் மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரலை. சொன்ன அந்தப் பையன் சில நாட்களில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு உடனே கூட்டு மருந்து தொடங்கினாங்க. பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை.

மருந்து குழந்தையைக் காப்பாத்திடுச்சு. உண்மையைச் சொன்னவனைக் காப்பாத்த நம்மகிட்ட ஒண்ணும் இல்லை. அதே வருஷம் செப்டம்பரில்தான் எச்.ஐ.வி. சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அனுமதி இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, வெளியே சொல்லக் கூடாது, வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்றெல்லாம் தெளிவா இருக்கு. வாசிச்சுப் பாருங்க, நல்ல சட்டம்.

போடிக்குத் திரும்பறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி எல்லா வழியும் அடைச்சாச்சு. மேலே தோட்டத்து லயத்தில் தங்கி வேலை செய்த சிலருக்கு மருந்து கீழே இருக்கு, வேலை மேலே இருக்கு, நடுவில் செக்போஸ்ட். அப்போதான் ஒரு மாசத்துக்குப் பதில் மூணு மாச மருந்தைச் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு வந்தது, முடிஞ்ச இடத்தில் வீட்டுக்கே கொண்டு போயும் கொடுத்தாங்க. 1959இல் சென்னை சொன்ன பாடத்துக்கு ஒரு கொள்ளைநோய் வந்துதான் மறுபடி உயிர் வந்தது.

கிட்டே வந்தது எல்லாருக்கும் பிடிச்சதா? இல்லை! இது நான் எதிர்பார்க்காதது. க.விலக்கு பக்கம்தான், இருந்தும் மதுரைக்கே போறேன் என்பவங்க இருக்காங்க. "அங்க நம்ம ஊர்க்காரங்க யாராவது பார்த்துடுவாங்க சார்." 500 கிலோமீட்டர் அவங்களுக்குக் கொடுமையாவும் இருந்தது, ஒரு திரையாவும் இருந்தது. மாத்திரை டப்பாவுக்குள்ள பஞ்சை அடைச்சு வைப்பாங்க, ஏன் தெரியுமா? ஜீப் குலுங்கும்போது சத்தம் வரக் கூடாதுன்னு.

பரிசோதனை செய்துக்கணும்னு நினைச்சா அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம்னு கேளுங்க. இலவசம், ரகசியம். போனில் பேசணும்னா 1097.

போன வாரம் ஒரு அம்மா வந்தாங்க. 2005இலிருந்து மருந்தில் இருக்காங்க. வைரஸ் கண்டறிய முடியாத அளவு. அடுத்து வர வேண்டிய தேதியை அட்டையில் எழுதப் போனேன். கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. "சார், அந்த வாரம் காய் எடுப்பு இருக்கு. அதுக்கு அடுத்த செவ்வாக்கிழமை போடுங்க." மாத்திரையை எண்ணிப் பார்த்தோம். நாலு நாளைக்கு மிச்சம் இருந்தது. செவ்வாய்க்கிழமைன்னே எழுதிக் கொடுத்தேன்.